தங்கத்தைக் காட்டி ஒரு வித்தை

சிட் ஃப்ளைஷ்மன் எழுத்தாளர் ஆவதற்கு முன் மேஜிக் செய்துகொண்டிருந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மேஜிக் குழுக்களுடன் ஊர் ஊராகச் சுற்றினார். இருபது வயது ஆவதற்குள் தன் தந்திரங்களை வைத்து ஒரு சின்னப் புத்தகமும் போட்டுவிட்டார். அப்புறம் இரண்டாம் உலகப் போரில் கடற்படை, அது முடிந்து பத்திரிகை வேலை, ஹாலிவுட்டில் திரைக்கதை என்று போன வாழ்க்கை, 1962-ல் சிறுவர் நாவல் பக்கம் திரும்பியது. அடுத்த வருடமே வந்தது 'பை த கிரேட் ஹார்ன் ஸ்பூன்!' தலைப்புக்குப் பெரிய அர்த்தம் எதுவும் தேட வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் ஆச்சரியத்தில் போடும் ஒரு கூச்சல் அது. கதை நடப்பது 1849-ல், கலிஃபோர்னியா தங்க வேட்டையில்.

எழுதியவர் மேஜிக்காரர் என்பதை ஒரு தகவலாகக் கடந்து போகலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் புத்தகத்தைப் படித்தேன். மேஜிக்கில் பாதி வேலை, பார்ப்பவரின் கண்ணை வேறு பக்கம் திருப்புவது. வலது கையில் பட்டுத்துணி ஆடும்போது இடது கை என்ன செய்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. இந்த நாவலில் அந்தப் பட்டுத்துணி, தங்கம். நம் கண் முழுக்க அதன் மேல் இருக்கும்போது, கதை தன் வேலையை வேறு இடத்தில் முடித்துவிடுகிறது. அதில் சில வேலைகள் அற்புதமானவை. ஒன்று, அவரே அறியாமல் நடந்தது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புத்தகம் என் கைக்கு வந்தது அண்ணன் மகள் மூலம். அவர்கள் இருப்பது சேக்ரமென்டோ பக்கம். கலிஃபோர்னியாவில் நான்காம் வகுப்பில் மாநில வரலாறு படிக்க வேண்டும், அதில் தங்க வேட்டைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அங்கே பல பள்ளிகளில் இந்த நாவலைத் துணைப்பாடம் மாதிரி படிக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவள் பெட்டியில் இடமில்லை என்று இதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். போன பிறகு போனில் ஒரே நச்சரிப்பு: "சித்தப்பா, பூனை வந்தாச்சா? இன்னும் பூனை வரலையா?" நான் அப்போதுதான் கப்பலில் ஏறியிருந்தேன்.

கதை இதுதான். பாஸ்டனில் ஜாக் ஃப்ளாக் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா அம்மா இல்லை. அவனையும் அவன் தங்கைகளையும் வளர்ப்பவர் அத்தை ஆராபெல்லா. அத்தையின் சொத்து கரைந்துபோய் வீடே கைநழுவிப் போகிற நிலை. கலிஃபோர்னியாவுக்குப் போய்த் தங்கம் கொண்டுவந்து வீட்டை மீட்கலாம் என்று பையன் கிளம்புகிறான். துணைக்கு வருபவர் அந்த வீட்டின் பட்லர் ப்ரெய்ஸ்வர்தி. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, கையில் குடை. டிக்கெட் வாங்கப் போன இடத்தில் பணம் திருட்டுப் போகிறது. இருவரும் உருளைக்கிழங்குப் பீப்பாய்களுக்குள் ஒளிந்துகொண்டு 'லேடி வில்மா' என்ற கப்பலில் திருட்டுப் பயணம் போகிறார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு பட்லர் தானாகவே கேப்டனிடம் போய், நாங்கள் டிக்கெட் இல்லாதவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். கேப்டன் அவர்களை நிலக்கரி அள்ளிப் போட அனுப்புகிறார்.

முதல் வித்தை இங்கேதான். பணத்தைத் திருடியவனும் அதே கப்பலில்தான் இருக்கிறான், ஆனால் யார் என்று தெரியாது. பட்லர் ஒரு யோசனை சொல்கிறார். கப்பலில் இருக்கும் பன்றியை இருட்டறையில் கட்டிவைத்து, பயணிகள் ஒவ்வொருவரும் உள்ளே போய் அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும். திருடன் கை பட்டால் பன்றி கத்தும். எல்லோரும் போய்விட்டு வருகிறார்கள், பன்றி கத்தவே இல்லை. வெளிச்சத்தில் கைகளைக் காட்டச் சொன்னால் எல்லார் கையும் கறுப்பு, ஒரு கையைத் தவிர. பன்றிமேல் முன்பே கரித்தூள் பூசியிருக்கிறது. பயந்தவன் தொடவில்லை.

பீர்பால் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வேலைக்காரர்களுக்கெல்லாம் ஒரே அளவில் குச்சி கொடுத்து, திருடனின் குச்சி மட்டும் ராத்திரியில் வளரும் என்று சொல்லி, மறுநாள் குறுகியிருக்கும் குச்சியைத் தேடுவாரே, அதே தந்திரம். இந்த மாதிரிக் கதைகள் உலகம் பூராவும் உண்டு. ஆனால் ஃப்ளைஷ்மன் இதை நாவலின் தொடக்கத்திலேயே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பயணிகள் அத்தனை பேரும் பன்றியின் வாயைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் நடப்பது கையில். நாவலை எப்படிப் படிக்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கப்பல் பகுதியைப் பற்றிச் சிலர் குறை சொல்வார்கள். தங்க வேட்டைக் கதை என்று எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கடலிலேயே போய்விடுகிறதே என்று. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. வரலாற்றுக்கும் அதுதான் நேர்மை. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கலிஃபோர்னியா போக அப்போது மூன்று வழிகள். மாட்டு வண்டிகளில் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கலாம். பனாமா வரை கப்பலில் போய், நிலப்பகுதியைப் படகிலும் கோவேறு கழுதையிலும் தாண்டி, அந்தப் பக்கம் இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்கலாம். அதற்குள் மலேரியாவோ காலராவோ பிடிக்காமல் இருந்தால் பாக்கியம். இல்லையென்றால் தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு போகலாம். இது 24,000 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை. ஜாக்கின் கப்பல் போவது இந்த மூன்றாவது வழியில். இத்தனை மாதம் ஒரே கூட்டத்தோடு அடைந்து கிடந்தவர்களுக்குத் தங்க வேட்டை என்பதே முதலில் கப்பல்தான்.

கப்பலில் ஒரு பிரெஞ்சுக்காரர் திராட்சைக் கொடித் துண்டுகளைக் கொண்டுபோகிறார், கலிஃபோர்னியாவில் நட்டுத் தோட்டம் போடலாம் என்று. தண்ணீர்ப் பஞ்சத்தில் அவை காய ஆரம்பிக்கின்றன. இன்னொரு வியாபாரியிடம் உருளைக்கிழங்கு குவிந்து கிடக்கிறது. கொடித் துண்டுகளை உருளைக்கிழங்கில் செருகி வையுங்கள், ஈரம் போகாது என்கிறார் பட்லர். நாவலில் சின்ன விஷயம். ஆனால் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் விதை இது. ஒருவரிடம் சும்மா கிடக்கும் பொருள் இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது. நடுவில் அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ வந்து இறங்கினால் துறைமுகத்தில் ஆளில்லாக் கப்பல்கள். இதில் மிகை இல்லை. 1849, 1850-ல் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்த விரிகுடாவில் அப்படியே கைவிடப்பட்டன. பயணிகளோடு மாலுமிகளும் மலைக்கு ஓடிவிடுவார்கள். சில சமயம் கேப்டனும் ஓடிவிடுவார். நகரத்தில் மரத்துக்கும் இடத்துக்கும் தட்டுப்பாடு, அதனால் கப்பல்களையே இழுத்துக் கரையேற்றிக் கிடங்காகவும் விடுதியாகவும் ஆக்கினார்கள். 'நையான்டிக்' என்ற கப்பல் அப்படிக் கிடங்காக நின்று, 1851 தீ விபத்தில் எரிந்து, அதன்மேல் கட்டடம் எழும்பி, கடைசியில் 1978-ல் புதுக் கட்டடத்துக்குத் தோண்டும்போது அடிப்பாகம் வெளியே வந்தது. இன்று அந்த நகரத்தின் சுரங்க ரயில் ஓரிடத்தில் 'ரோம்' என்ற பழைய கப்பலின் உடல் வழியாகப் போகிறது. விரிகுடாவைக் கப்பல்களோடு சேர்த்து மண் போட்டு மூடியதன் மேல்தான் அங்கே வங்கிகள் நிற்கின்றன.

சரி, தங்கத்துக்கு வருவோம். ஜாக்கிடமும் பட்லரிடமும் ஆற்றுப் படகில் போகக்கூடப் பணமில்லை. மலையிலிருந்து ஒரு சுரங்கக்காரர் இறங்கி வருகிறார், பெயர் குவார்ட்ஸ் ஜாக்சன். மாதக்கணக்கில் வெட்டாத முடியும் தாடியும். கல்யாணப் பெண் கப்பலில் வருகிறாள், அதற்குள் மனுஷனாக மாற வேண்டும். ஊரில் நாவிதர் கிடைக்கவில்லை. பட்லர் தானே கத்தரியை எடுக்கிறார், கூலி வேண்டாம் என்கிறார். வெட்டிய முடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அந்த முடியை ஒரு தட்டில் போட்டு அலசினால், அடியில் தங்கத்தூள்! செய்தி பரவி, இலவசமாக முடிவெட்டிக்கொள்ள ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

புத்தகத்தின் உச்சம் எனக்கு இதுதான். தங்கம் அரிப்பதன் முழு விஞ்ஞானமும் ஒரு தாடிக்குள் அடங்கிவிடுகிறது. மணலைவிடத் தங்கம் ஏழு மடங்கு கனம். அரிசியில் கல் அரிப்பது மாதிரி தட்டைச் சாய்த்துச் சுழற்றினால் தண்ணீரோடு மணல் வழிந்து போய்விடும், கனமானது அடியில் தங்கும். 1848-ல் தொடங்கிய வேட்டை முழுக்க முதலில் இந்த ஒரு தந்திரத்தின் மேல்தான் நின்றது. தட்டுக்குப் பிறகு தொட்டில் மாதிரி ஆட்டும் பெட்டி வந்தது, அப்புறம் நீளமான மரக்கால்வாய்கள் வந்தன. எல்லாமே தட்டின் பெரிய வடிவங்கள்தான்.

தங்கத்தூள் எங்கெங்கே சிந்தும் என்பதும் கற்பனை அல்ல. சுரங்க ஊர்களில் அப்போது நாணயம் குறைவு, தங்கத்தூள்தான் காசு. அவுன்ஸ் சுமார் 16 டாலர். மதுக்கடையில் ஒரு சிட்டிகை எடுத்தால் ஒரு டாலர் கணக்கு. அதனால் தடித்த விரல் உள்ள ஆட்களுக்குக் கடையில் வேலை சுலபமாகக் கிடைக்குமாம். அந்தக் கடைகளின் தரையில் கொட்டியிருக்கும் மரத்தூளைக் கூட்டி எடுத்து அலசித் தங்கம் பார்த்த பையன்களும் இருந்தார்கள். பட்லரின் தாடித் தங்கம் அவர்களுக்கு உறவு.

ஆக, ஆற்றில் கால் வைப்பதற்கு முன்பே சம்பாத்தியம் தொடங்கிவிட்டது. நாவலை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஜாக்கும் பட்லரும் ஆற்று மணலில் சம்பாதித்தது கைக்கு நிற்கவில்லை, மற்றவர்களின் தேவையைக் கவனித்து ஈட்டியதுதான் நின்றது என்று தெரியும். வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1848 ஜனவரி 24 அன்று அமெரிக்கன் ஆற்றங்கரையில், கொலோமாவில், மரம் அறுக்கும் மில் கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் முதலில் தங்கத்தைப் பார்த்தார். மில்லின் முதலாளி ஜான் சட்டர். இருவருக்குமே தங்கத்தால் நன்மை இல்லை. வேட்டைக்கு வந்த கூட்டம் சட்டரின் நிலங்களை மிதித்துப் பிடித்துக்கொண்டது. இழப்பீடு கேட்டு நாடாளுமன்றத்துக்கு நடையாய் நடந்தே 1880-ல் இறந்தார். மார்ஷல் 1885-ல் ஏழையாகப் போய்ச் சேர்ந்தார். பணம் பார்த்தவர் சாம் பிரானன். சட்டரின் கோட்டை அருகே கடை வைத்திருந்தவர். தட்டு, மண்வெட்டி எல்லாவற்றையும் முதலில் வாங்கிக் குவித்துக்கொண்டு, பிறகு 1848 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் தங்கத்தூள் பாட்டிலை ஆட்டிக்கொண்டு தங்கம் தங்கம் என்று கத்திக்கொண்டு போனார். ஊர் காலியானது, அவர் கடை நிரம்பியது. கலிஃபோர்னியாவின் முதல் கோடீஸ்வரர்களில் ஒருவர் அவர்தான். (பின்னால் அவரும் எல்லாவற்றையும் தொலைத்தார் என்பது வேறு கதை.) அந்த ஊரில் ஒரு முட்டை ஒரு டாலருக்குப் போனது. கிழக்குக் கரையில் ஒரு தொழிலாளியின் நாள் கூலியே சுமாராக அவ்வளவுதான்.

பிரானனுக்கும் பட்லருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை ஃப்ளைஷ்மன் நுட்பமாக வைத்திருக்கிறார். பிரானன் பற்றாக்குறையை உண்டாக்கி விற்றவர். பட்லர் எதையும் பதுக்குவதில்லை. தாடி வெட்டிக்கொண்டவருக்கும் லாபம், திராட்சைக்காரருக்கும் லாபம். சிறுவர் நாவலில் வியாபாரத்தை இவ்வளவு சந்தோஷமாகவும் இவ்வளவு சுத்தமாகவும் காட்டியவர்கள் குறைவு.

இடது கை செய்த வேலைகளில் பெரியது இன்னொன்று. கதை தொடங்கும்போது அவன் சின்ன எஜமானன், இவர் வேலைக்காரர். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'மாஸ்டர் ஜாக்' என்றுதான் கூப்பிடுகிறார். பையனுக்கு அது கூச்சம். தன்னைக் கூட்டாளியாக நினைக்க மாட்டாரா என்று ஏக்கம். இதை ஃப்ளைஷ்மன் ஒரு பிரச்சினையாக எழுப்பிப் பேசுவதே இல்லை. நிலக்கரி அள்ளும் இடத்தில் இரண்டு பேர் முகமும் ஒரே கறுப்பு. மலையில் பட்லர் யார், எஜமான் யார் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். கோச்சு வண்டியில் போகும்போது வழிப்பறி நடக்கிறது. பட்லர் ஒரு கொள்ளைக்காரனை ஒரே குத்தில் சாய்க்கிறார். அந்தச் செய்தி அவருக்கு முன்னால் மலையேறிப் போய், ஒவ்வொரு வாயிலும் ஒரு சுற்றுப் பெருத்து, அவர் போய்ச் சேரும்போது 'புல்விப்' என்ற பட்டப்பெயருடன் காத்திருக்கிறது. காப்பி குடிக்கப் பழகிய பையனுக்கு 'ஜமோகா ஜாக்'. பெயர் மாறிய பிறகு பழைய உறவுக்குத் திரும்ப முடியாது. வெள்ளைக் கையுறை எப்போது போனது, குடை எங்கே போனது என்று நாம் கவனிப்பதற்குள் ஒரு வேலைக்காரர் தன் ஆயுளில் முதல் தடவையாகத் தனக்காக எதையாவது ஆசைப்பட ஆரம்பித்திருக்கிறார். பையனும் அப்பா மாதிரி ஒருவரைப் பெற்றுவிட்டான். நாம் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அந்தக் கல்லறைக் குழி. பணத்தைத் திருடிய கட்-ஐ ஹிக்கின்ஸ் மலையில் வேறொரு குற்றத்துக்காக மாட்டிக்கொள்கிறான். தூக்கு என்று தீர்ப்பு. ஆனால் அங்கே பல் பிடுங்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பல்வலிக்காரர்கள் இருக்கிறார்கள், எனவே தூக்கு கொஞ்சம் தள்ளிப் போகிறது. இதற்கிடையில் அவனுக்குக் குழி வெட்டும் வேலை ஜாக்குக்கும் பட்லருக்கும் வருகிறது. வெட்டுகிறார்கள், மண்ணுக்குள் தங்கம் மின்னுகிறது. இத்தனை நாள் ஆற்றில் நின்று தேடியது திருடனுக்காக வெட்டிய குழியில் கிடைக்கிறது. பிள்ளைகள் புத்தகத்தில் தூக்குத்தண்டனையை வைத்துச் சிரிக்கவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். சிரிப்பு வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்த இடத்தில்தான் எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு நின்றது. இந்த ஊர் நீதிமன்றம் வேடிக்கையாக இருக்கிறது. நிஜத்தில் அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1854-ல், வெள்ளைக்காரருக்கு எதிராகச் சீனர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கொலை வழக்கில். கொலை நடந்ததைக் கண்ணால் பார்த்த சீனர்களின் சாட்சி செல்லாது என்று, தண்டிக்கப்பட்ட வெள்ளைக்காரரை விடுவித்தார்கள். அதற்கு முன்பே, 1850-ல், வெளிநாட்டுச் சுரங்கக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி. மெக்ஸிகோக்காரர்களும் சிலிக்காரர்களும் விரட்டப்பட்டார்கள். 1852-ல் மாதம் 3 டாலராக வந்த அடுத்த வரி முக்கியமாகச் சீனர்களைக் குறிவைத்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 20,000 சீனர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கலிஃபோர்னியாவை அவர்கள் தங்க மலை என்று அழைத்தார்கள்.

இன்னும் ஆழமான மறைப்பு ஒன்று இருக்கிறது. ஜாக்கை பாஸ்டனிலிருந்து கிளப்பிய செய்தி எது? 1848 டிசம்பர் 5 அன்று அதிபர் போல்க் நாடாளுமன்றத்தில் கலிஃபோர்னியாத் தங்கம் உண்மைதான் என்று அறிவித்தார். அதற்கு ஆதாரம், கலிஃபோர்னியாவின் ராணுவ ஆளுநர் மேசன் அனுப்பிய அறிக்கையும், அதோடு வந்த ஒரு தேயிலை டப்பா தங்கமும். நாடே அந்த டப்பாவைத்தான் பார்த்தது. அறிக்கையில் மேசன் இன்னொன்றும் எழுதியிருந்தார்: தங்கப் பகுதியில் வேலை செய்யும் சுமார் 4,000 பேரில் பாதிக்கு மேல் பழங்குடியினர்.

பாதிக்கு மேல்! அவர்களில் நிசெனான் மக்களும் இருந்தார்கள். கொலோமா அவர்கள் மண். மார்ஷல் கட்டிய மரமில்லிலும் அவர்கள் உழைப்பு இருந்தது. ஜாக்கின் கப்பல் கடலில் இருந்த அதே 1849 வசந்தத்தில், ஆரிகனிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் கொலோமா சுற்றுவட்டாரத்தில் அவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். தடுக்கப் பார்த்த மார்ஷலையே விரட்டிவிட்டார்கள். ஜாக் போய்ச் சேரும் ஹேங்டவுன், இன்றைய பிளாசர்வில், கொலோமாவுக்குப் பக்கத்து ஊர். 1850-ல் மாநிலத்தின் முதல் சட்டமன்றம், பழங்குடியினரின் பாதுகாப்புக்கு என்று பெயர் வைத்து, அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கட்டாய வேலைக்குப் பிடித்துவைக்க வழி செய்யும் சட்டத்தைப் போட்டது. 1851 ஜனவரியில் ஆளுநர் பர்னெட், இந்த இனம் அழியும்வரை போர் நடக்கத்தான் செய்யும் என்று சட்டமன்ற உரையிலேயே சொன்னார். அரசுப் பணத்தில் ஆயுதப் படைகள் போயின. 1848-ல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த பழங்குடி மக்கள், 1870 வாக்கில் சுமார் முப்பதாயிரம். நோய், பசி, கொலை எல்லாம் சேர்ந்து. 2019-ல் ஆளுநர் கேவின் நியூசம், நடந்தது இனப்படுகொலை என்ற சொல்லைப் பயன்படுத்தியே மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நாவலில் பல தேசத்து ஆட்கள் துறைமுகத்தில் கலகலவென்று நடமாடுகிறார்கள். கதையை நகர்த்தும் ஒரு நிசெனான் ஆள், ஒரு சீனர் இல்லை. மலை காலியாகத்தான் இருந்தது, தங்கம் யாருக்காகவோ காத்திருந்தது என்கிற தோற்றம் வந்துவிடுகிறது. ஃப்ளைஷ்மன் வேண்டுமென்று மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். 1963-ல் அமெரிக்கப் பாடப்புத்தகங்களும் அப்படித்தான் இருந்தன, அவரும் அந்தப் பாடத்தில் படித்தவர். மேஜிக்காரர் கண்ணையே திருப்பிவிட்ட மேஜிக் இது. ஆனால் மறைந்தது மறைந்ததுதான்.

அப்படியென்றால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன், தயங்காமல். இதில் வெறுப்பு இல்லை. யாரையும் கேலிப் பொருளாக்கித் தள்ளும் அத்தியாயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இருக்கும் சிரிப்பு எல்லாம் பேராசைக்காரர்கள் மேலும் வீண் பெருமைக்காரர்கள் மேலும்தான். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாகப் படிக்க முடிகிற மொழி, ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் புரட்டவைக்கும் இடத்தில் முடிகிறது. ஆனால் இதை வரலாற்றுப் பாடத்துக்குத் துணையாகக் கொடுப்பதில்தான் எனக்குச் சங்கடம். கதையாகக் கொடுத்தால் கதைக்குரிய சலுகை அதற்கு உண்டு. பாடமாக வைத்தால், இல்லாதவர்கள் எங்கே என்ற கேள்வியையும் பாடத்திலேயே வைக்க வேண்டும். பட்லர் கற்றுக்கொடுப்பதே அதுதானே, எல்லோரும் பன்றியைப் பார்க்கும்போது நீ கையைப் பார் என்பது. அண்ணன் மகளிடம் மேசன் அறிக்கையைப் பற்றிப் போனில் சொன்னேன். அவள் வகுப்பில் நிசெனான் மக்களைப் பற்றித் தனியாகப் படித்திருக்கிறாளாம். இந்தப் புத்தகத்தையும் அதையும் சேர்த்து யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆறுகளின் கதியும் புத்தகத்தில் வராது, ஆனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், அது ஜாக்கின் காலத்துக்குப் பிறகு நடந்தது. 1853-லிருந்து பீரங்கி மாதிரி குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்தார்கள். தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் கொட்டினார்கள். கீழே விவசாயிகளின் வயல்கள் சேற்றில் மூழ்கி, வழக்குப் போட்டு, 1884-ல்தான் நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. பாதரசம் இன்னும் அந்த ஆற்றுப் படுகைகளில் இருக்கிறது. இந்த மீனை மாதத்தில் இத்தனை தடவைக்கு மேல் சாப்பிடாதீர்கள் என்று அரசு எச்சரிக்கும் ஏரிகளும் ஆறுகளும் அங்கே உண்டு.

நாவலின் கடைசிப் பகுதி அவசரமாக ஓடுகிறது. குழியில் கிடைத்த தங்கத்தோடு ஆற்றுப் படகில் திரும்பும்போது கொதிகலன் வெடிக்கிறது. அந்தக் காலத்தில் போட்டி போட்டுக்கொண்டு ஓடிய நீராவிப் படகுகளில் இது வாடிக்கையான விபத்து. தண்ணீரில் விழுந்தவர்களை இடுப்பில் கட்டிய தங்கம் கீழே இழுக்கிறது. அவிழ்த்து விட்டால்தான் உயிர். விட்டுவிடுகிறார்கள். வலிந்து செய்த திருப்பம் என்று நினைத்தேன், ஆனால் 1857 செப்டம்பரில் 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற கப்பல் கலிஃபோர்னியாத் தங்கத்தோடு அட்லான்டிக் புயலில் மூழ்கியபோது இதுவேதான் நடந்தது. 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பைகளைத் திறந்து தங்கத்தைத் தளத்தில் கொட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பூனை இதற்குப் பிறகுதான் வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. கையில் ஒரு காசும் இல்லாமல் வந்து சேர்ந்த இரண்டு பேரும் பூனைகளை ஏலம் விட்டுப் பணம் பண்ணுகிறார்கள். அண்ணன் மகள் ஏன் அத்தனை ஆவலாக இருந்தாள் என்று புரிந்தது. எனக்கென்னவோ தாடி அத்தியாயத்தின் சுவையில் பாதிதான் இது. அத்தை ஆராபெல்லா சரியான நேரத்துக்குக் கப்பலில் வந்து இறங்குவதும், பட்லர் அவரைக் கைப்பிடிப்பதும் இன்னும் ஐம்பது பக்கம் கேட்கிற விஷயங்கள். அத்தனை கவனமாக ஒரு மனிதரைப் பட்லர் உடைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டு, கல்யாணத்தைச் சில பக்கங்களில் முடித்துக் கைகழுவிவிட்டார் ஃப்ளைஷ்மன்.

1967-ல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது. ராடி மெக்டவல்தான் பட்லர், அந்தத் தேர்வில் குறையில்லை. ஆனால் அத்தையை அக்காவாக்கிவிட்டார்கள், பையன் ஓரத்துக்குப் போய்விட்டான், குத்துச்சண்டையும் பாட்டும் நடுவுக்கு வந்துவிட்டன. புத்தகம் கையில் இருக்கும்வரை அது தேவையில்லை.